எட்டு வீட்டுக்கு ஒரே சீட்டு

1

போன வாரம் பிரையன் என்கிற பெரியவர், கொடுத்த வீட்டுச் சாவியை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நான் வேலை செய்வது வட இங்கிலாந்தில் ஒரு பழைய துறைமுக ஊரில். நகராட்சி அலுவலகத்தில் வீடில்லாதவர்களுக்கு உதவும் மேசை என்னுடையது. பிரையன் குளிர்காலம் முழுக்க ஒரு மூடிய செருப்புக் கடை வாசலில் படுத்துக் கிடந்தவர். அவருக்காக எத்தனை படிவம், எத்தனை தொலைபேசி! கடைசியில் கட்டிலும் ஹீட்டருமாக ஓர் அறை கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கைதட்டாத குறைதான். அவரோ, "மிக் எங்கே போவான்?" என்று கேட்டார். மிக் அவருக்குப் பக்கத்து அட்டையில் படுப்பவர். மிக்கின் முறை வேறு, அது வரும்போது வரும் என்றேன். "அப்படியானால் எனக்கும் அப்போதே வரட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

என் மேலதிகாரி ஹெலன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஓர் ஆளைப் பார்த்ததே இல்லை என்றாள். நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஆள் இல்லை, எட்டுக் குடும்பம். அந்தக் கதையை ஹெலனுக்குச் சொல்ல ஆரம்பித்து, எனக்கே குஷி ஏறி, சாப்பாட்டு நேரம் முழுவதும் போய்விட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஸ்டெல்லா. பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பில். கல்யாணம் கட்டி இங்கே வந்து, மகளுக்குக் கல்லூரிக்குப் போகிற வயதாகிவிட்டது. வடசென்னையிலிருந்து வட இங்கிலாந்துக்கு வந்ததில் ஒரு வசதி உண்டு. இரண்டு நாட்டிலும் தெற்கே இருப்பவர்கள் நம் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை.

ஆனாலும் சறுக்காமல் இருந்தேனா என்ன? வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் கிளம்பும்போது அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம் "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். நம் வாயில் "போறேன்" என்று வருமா? அந்த மனுஷர் நான் திரும்பி வரப்போகிறேன் என்று நம்பி, காவலாளி விளக்கை அணைக்கும் வரை உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் ஹெலனிடம் எனக்கு நல்ல மண்டகப்படி.

2

எங்கள் அம்மாவுக்கு ஒதுக்கிய வீட்டில் அவருக்குப் பிறகு குடியிருந்தது என் அக்கா ரெஜினா. தரைத்தளம். தெருப் பக்கத்து ஜன்னல்தான் அவளுடைய இட்லிக் கடை. உள்ளே ஆவி பறக்கும், வெளியே ஹார்பருக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தட்டேந்தி நிற்பார்கள். அக்கா வீட்டுக்காரர் ஆரோக்கியம் மாமா ஹார்பரில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த ஒரு விபத்தில் கால் நசுங்கிவிட்டது. ஊன்றுகோல் பிடித்து நடப்பார், மாடிப்படி ஏற முடியாது. ஆக, அந்தக் குடும்பத்துக்குச் சோறும் நிம்மதியும் இரண்டுமே தரைத்தளத்தில்தான் இருந்தன.

எங்கள் ப்ளாக்கில் ஒரு படிக்கட்டுக்கு எட்டு வீடு. பொண்ணு பார்க்க வருகிறவர்கள்கூட "எந்தப் படி?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். படி என்றால் வெறும் சிமெண்ட் இல்லை. ஒரு படியில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும் வரை எட்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. பக்கத்துப் படிக்காரர்கள் ஆக்கி எடுத்து வருவார்கள். நாளைக்கு அவர்கள் படியில் விழுந்தால் நாம் ஆக்க வேண்டும். யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கேட்கவைப்பதே கேவலம். எங்கள் படியில் நாங்கள் வேதக்காரர்கள், இரண்டாவது மாடி பாத்திமா பாய் வீட்டம்மா, மூன்றாவது மாடி லட்சுமி காசிமேட்டில் மீன் விற்பவள். தண்ணி லாரி வந்தால் முதலில் இறங்குகிறவர் எட்டு வீட்டுக் குடத்தையும் வரிசையில் போட வேண்டும். இதுதான் சட்டம்.

கட்டடத்துக்கோ வயதாகிவிட்டது. தூங்குகிறவர் நெஞ்சில் காரை விழும். கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் சட்டசபையில் பட்ஜெட் படிக்கிற அன்று எங்கள் படியில் எல்லோரும் அக்கா வீட்டு டிவி முன்னால் கூடிவிடுவார்கள். உள்ளாட்சிக்கு இவ்வளவு, வீட்டு வசதிக்கு இவ்வளவு என்று அமைச்சர் படிக்கப் படிக்க, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். பல வருஷம் ஒன்றும் வரவில்லை. டிவியை அணைத்துவிட்டு மீன் வெட்டப் போவார்கள்.

ஒரு வருஷம் வந்தேவிட்டது. பழுதடைந்த குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்ட நிதி ஒதுக்கீடு. கொஞ்ச நாளில் அந்தப் பட்டியலில் எங்கள் ப்ளாக்கும் இருப்பது உறுதியானது. அக்கா போன் போட்டுக் கத்தினாள்.

"ஏய் ஸ்டெல்லா! நம்ம வூட்ட இடிக்கப் போறாங்கடி!"

வீட்டை இடிக்கிற செய்தியை இவ்வளவு ஆனந்தமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"அதே எடத்துலன்னு சொல்லிகீறாரு. மறுக்கா மறுக்கா போட்டுக் கேட்டுட்டோம். அதே எடத்துல!" என்றாள்.

அந்த இரண்டு சொல்லுக்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். நகரத்தின் கோடியில், கடலும் இல்லாத ஹார்பரும் இல்லாத இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்களோ என்ற பயம் எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு வருவது. நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடினேன்.

3

இடித்தார்கள். புதியது எழும்பும் வரை அவரவர் வாடகைக்குப் போக வேண்டும், அதற்கு அரசு ஒரு தொகை கொடுத்தது. ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை குடும்பம் வீடு தேடினால் வாடகை என்ன ஆகும்? எட்டு வீடும் எட்டுத் திசைக்குச் சிதறியது. அக்காவுக்குப் புளியந்தோப்பில் ஒற்றை அறை. பாத்திமாவுக்குச் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பக்கம். லட்சுமிக்குத் திருவொற்றியூர். இட்லிக் கடை நின்றுபோனது.

அந்தச் சமயத்தில் என் மகள் இஸபெல் கேட்டாள், பெரியம்மா இப்போது வீடில்லாதவரா என்று. அவள் ஆங்கிலத்தில்தான் கேட்பாள். தமிழ் புரியும், பேச வராது, வரவழைக்க நான் எடுத்த முயற்சியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளோடு போயிற்று. "சீ, அப்படியெல்லாம் சொல்லாதே" என்று அதட்டினேன். பிறகு யோசித்தேன். என் மேசையில் இருக்கும் விதிப்படி பார்த்தால், அடுத்த மாதம் காலி செய்யச் சொல்லக்கூடிய ஒற்றை அறையில் ஊனமுற்ற கணவரோடு இருக்கும் ஒருத்தியை நான் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்திருப்பேன். என் சொந்த அக்காவைப் பதிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் லட்சுமியின் வீட்டுக்காரர் முருகேசன் அண்ணன் இறந்துபோனார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தால், வாடகை வீட்டு ஓனர் கதவை மறித்துக்கொண்டார். இங்கே பிணம் வைக்கக் கூடாது, மற்ற குடித்தனக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். ஆம்புலன்ஸ் தெருவில் நிற்கிறது, லட்சுமி நடுத்தெருவில் நிற்கிறாள்.

அக்காதான் போனில் சொன்னாளாம்: "வண்டிய நம்ம ப்ளாக்குக்கு வுடு."

அங்கே ப்ளாக் ஏது? பாதி எழும்பிய தூண்களும் சாரக்கட்டும்தான். காவலாளி முதலில் முடியாது என்றவர், லட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகரக் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் பழைய படிக்கட்டு இருந்த இடத்தில், ஜல்லிக் குவியலுக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். எட்டு வீடும் வந்து சேர்ந்தது. எவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை. பக்கத்துப் படிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, ரோட்டோரம் மூன்று கல் வைத்து ஆக்கிப்போட்டார்கள். வாட்ஸப் வீடியோவில் அதைப் பார்த்து நான் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இஸபெல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அக்கா பேசினாள். "ஸ்டெல்லா, வாழறதுக்கு எங்க வேணா ஒண்டிக்கலாம்டி. பொணத்த எறக்கி வெக்க ஒரு வாசல் வேணும்" என்றாள்.

4

கட்டி முடித்தார்கள். அட, கட்டி முடித்தார்கள்! லிஃப்ட் உண்டு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, ஒரு சின்ன பால்கனி. யாருக்கு எந்த வீடு என்று குலுக்கல் போடுகிற நாளை அறிவித்தார்கள்.

எனக்குக் கவலையே இல்லை. தரைத்தளத்தில் சில வீடுகள்தான், அவை நடக்க முடியாதவர்களுக்கு. அவர்களுக்குக் குலுக்கலே கிடையாது. மாமாவுக்கு ஒன்று நிச்சயம். ஜன்னல் வரும், ஜன்னல் வந்தால் இட்லிக் கடை வரும். வீட்டில் கடை நடத்தக் கூடாது என்று விதி இருந்தாலும், ஜன்னல் வழியாக நான்கு இட்லி கொடுப்பதை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்? நான் மனக்கோட்டை கட்டி வண்ணமும் பூசிவிட்டேன்.

குலுக்கல் அன்று அங்கே வெயில் ஏறிவிட்டது. இங்கே நான் வேலைக்குப் போகிற முதல் பஸ்ஸில், மாடியில் உட்கார்ந்திருந்தேன். பாத்திமா வீடியோவைப் பிடித்திருந்தார். மாநகராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபம். மேசை மேல் ஒரு புது பிளாஸ்டிக் பக்கெட், அதில் சீட்டுகள். எஸ்டேட் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பெயரை வாசிக்கப் போனார்.

லட்சுமி எழுந்தாள். காசிமேட்டு ஏலத்தில் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை.

"சார், எங்க படில எட்டு வூடு. எட்டுக்கும் ஒரே சீட்டு போடு."

"அதெப்படிம்மா? ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு. ரூல்ஸ் அதுதான்."

"இன்னா சார் ரூல்சு? இடிக்கறப்ப ஒவ்வொரு வூடாவா இடிச்சே? மொத்தமாத்தானே இடிச்சே? குடுக்கறப்ப மட்டும் தனித்தனியா?"

மண்டபம் விசிலடித்தது. நான் பஸ்ஸில் கைதட்டிவிட்டேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

லட்சுமி சும்மா வரவில்லை, யோசித்துத்தான் வந்திருந்தாள். புதுக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு எட்டு வீடு. எங்கள் படியிலும் எட்டு வீடு. ஒரு மாடியை மொத்தமாகக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆபீசர் வெளியே போய் மேலிடத்தோடு போனில் பேசினார். திரும்பி வந்து சொன்னார்: எட்டுப் பேரும் சம்மதம் எழுதிக் கொடுத்தால் செய்யலாம். ஆனால் இந்த ஆரோக்கியத்துக்குத் தரைத்தள உரிமை இருக்கிறது. அதை வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும். பிறகு ஐந்தாவது மாடி வந்தாலும் மாற்றித் தர முடியாது.

"பாத்திமா, போனை அக்காகிட்ட குடு!" என்று கத்தினேன். அக்காவின் முகம் வந்தது.

"கையெழுத்து போடாத! மாமா கால நெனச்சுப் பாரு! கட போயிடும், சோறு போயிடும்! தனித்தனி வீடா இருந்தா என்ன, ஒரே கட்டடந்தான? லிஃப்ட் நின்னா என்ன பண்ணுவ?"

"நீ சும்மா கெடடி. அங்க குந்திகினு பேஜாரு பண்ணாத."

"மாமாவ கேளு!"

மாமா பின்னாலிருந்து தலையை நீட்டினார். எந்தக் கூட்டத்திலும் பேசாத மனிதர். "கீழ் வூட்ல நா மட்டும் குந்திகினு யாரு மூஞ்சிய பாக்கறது? முருகேசன் செத்தப்போ இவங்கதான வந்தாங்க? நாளைக்கி எனக்கும் இவங்கதான் வரணும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினெட்டுப் பட்டிக்கும் வீடு தேடிக் கொடுக்கிற வேலை என்னுடையது. கையில் கிடைத்த தரைத்தளத்தை யாராவது விடுவார்களா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். நான் "போடாத, போடாத" என்று கத்திக்கொண்டே இருக்க, என் கண் முன்னால் அக்கா கையெழுத்துப் போட்டாள். மாமாவும் போட்டார்.

உடனே மற்ற படிக்காரர்கள் "எங்களுக்கும்! எங்களுக்கும்!" என்று எழுந்துவிட்டார்கள். ஆபீசர் பாவம், பக்கெட்டில் இருந்த சீட்டையெல்லாம் கொட்டிவிட்டு மாடிவாரியாகப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எங்கள் படிக்கு லட்சுமியே கைவிட்டு எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு நீட்டினாள். ஆபீசர் வாங்கி வாசித்தார்.

ஐந்தாவது மாடி.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்புறம் லட்சுமி கையைத் தூக்கி, "கடல் தெரியும்டி!" என்று ஒரு கூவு கூவினாள் பாருங்கள், எட்டு வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தார்கள். போன் எங்கோ கீழே விழுந்து, எனக்கு மண்டபத்து மின்விசிறிதான் தெரிந்தது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டேன்.

5

இதையெல்லாம் ஹெலனுக்குச் சொன்னேன் என்றேனே. முடித்ததும் அவள் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நம்மிடம் இரண்டு அறை பக்கத்தில் பக்கத்தில் எங்கேயாவது காலியாகிறதா?" என்றாள். ஆகவில்லை. எங்கள் விதியில் ஓர் ஆள், ஓர் அறை, ஒரு வரிசை. நண்பன் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. பிரையனும் மிக்கும் இன்னும் செருப்புக் கடை வாசலில்தான். தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். இருவரும் என்னைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது. என் அலுவலகத்தின் மேல்தான் வருகிறது.

6

போன வருஷ ஈஸ்டர் விடுமுறையில் இஸபெல்லைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே முக்காலி போட்டு ஆரோக்கியம் மாமா! அவருக்கு யாரும் அந்த வேலை கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். "கப்பல்ல டன் டன்னா ஏத்தி எறக்கினேன், மன்சன ஏத்த மாட்டேனா?" என்று பொத்தானை அமுக்கினார். கரண்டு போய் லிஃப்ட் நின்றால்? "பிளாஸ்டிக் சேர்ல குந்த வெச்சி பசங்க தூக்கினு பூடுவாங்க. ராசா மாதிரி" என்றார்.

ஐந்தாவது மாடியில் எட்டுக் கதவும் திறந்துகிடந்தன. காசிமேட்டுப் படகுகள் தெரிந்தன, அதற்கப்பால் கடல். இஸபெல் பால்கனியில் நின்று வாய் திறந்து பார்த்தாள். நான் பார்த்தது வேறு. பால்கனிக் கம்பியில் ஒரு இரும்புக் கப்பி, அதில் நைலான் கயிறு, கயிற்று நுனியில் மூடிபோட்ட மூங்கில் கூடை. மாடிவீட்டுக்காரர்கள் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். என் அக்கா அதைத் தலைகீழாக்கியிருந்தாள். கப்பி போட்டது மாமா.

கீழேயிருந்து குரல் வந்தது: "யக்கா! நாலு இட்லி, ஒரு வட!"

லட்சுமி மீனுக்குப் போகாத நேரத்தில் சட்னி கட்டினாள். பாத்திமா கீழே எட்டிப் பார்த்து யாருக்கு எது என்று கூவினார். கூடை இறங்கியது, காலியாக ஏறியது. காசு போனிலேயே வந்துவிட, சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி தொகையைத் தமிழில் அறிவித்தது. எட்டு வீடும் சேர்ந்து நடத்துகிற கடை! நான் பயந்தேனே, தரைத்தளத்தோடு போயிற்று என்று! சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இஸபெல் கயிற்றை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் அவள் கீழே எட்டிப் பார்த்து, "இன்னா வேணும்?" என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் சாதிக்காததை ஒரு கயிறு சாதித்துவிட்டது.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, லிஃப்டிலிருந்து எஸ்டேட் ஆபீசர் இறங்கினார். குலுக்கல் போட்ட அதே மனிதர். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். மாமா அவர் எதற்கு வந்தார் என்று தெரியாமல் அரட்டையடித்துக்கொண்டே மேலே கொண்டுவந்திருந்தார். ஆபீசர் நேராக உள்ளே வந்து, அடுப்பையும் இட்லிக் குண்டானையும் பார்த்தார். எட்டு வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். ஒதுக்கீட்டை ரத்து செய்ய அவருக்கு ஒரு கையெழுத்து போதும்.

"சாவி கொடுக்கும்போதே சொன்னேன் இல்லம்மா? இது குடியிருக்க மட்டும். வீட்டுக்குள்ள கடை நடத்தக் கூடாது."

அக்கா இடுப்பில் கைவைத்தாள்.

"கட எங்க சார் கீது? நல்லா பாரு. இது வூடு. எங்க வூட்ல நாங்க இட்லி சுடறோம்." பால்கனிப் பக்கம் விரலை நீட்டினாள். "கட அதோ, வெளிய காத்துல தொங்கிகினு கீது."

ஆபீசர் கூடையைப் பார்த்தார். கப்பியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லிஃப்டில் ஏறி இறங்கிப் போய்விட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுதிக்கொண்டு போகிறாரா, விட்டுவிட்டாரா?

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"யம்மா... ரெண்டு இட்லி. காரச் சட்னி."

எட்டிப் பார்த்தேன். ஆபீசர்தான், அண்ணாந்து நின்றிருந்தார்.

அக்கா இட்லியைப் பொட்டலத்தில் வைத்து என்னிடம் தள்ளினாள். "சட்னிய நல்லா முடிச்சு போட்டுக் கட்டுடி," என்றாள். "அஞ்சு மாடி எறங்கணும்."